எண்ணெய்ப் படலத்தைத் தாண்டும் தாமிரம்

ஒரு லிட்டர் கழிவுநீரில் சில நூறு மில்லிகிராம் தாமிரம் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்முலாம் பூசும் ஆலையிலிருந்து வந்திருக்கலாம், சுரங்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். அப்படியே வெளியே விட்டால் மீன்களுக்கு நஞ்சு. சுண்ணாம்பு போட்டுப் படியவைத்தால் மிஞ்சுவது சேறுதான். மின்னாற்பகுப்பில் உலோகமாக எடுக்கலாம் என்றாலோ, கரைசல் ரொம்பவே நீர்த்துக் கிடக்கிறது. ஆக, முதலில் தாமிரத்தை ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும்.

அதற்கான வழிகளில் ஒன்று பால்மத் திரவச் சவ்வு. பால்மம் என்பது, ஒன்றிலொன்று கரையாத இரு திரவங்களில் ஒன்று மற்றதில் நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கும் கலவை. எஸ்ஸோ எண்ணெய் நிறுவன ஆய்வாளர் நார்மன் லி, ஹைட்ரோகார்பன்களைப் பிரிப்பதற்காக உருவாக்கி 1968இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. உலோகங்களைப் பிரிக்க அதைப் பயன்படுத்தியது அப்புறம்தான்.

மண்ணெண்ணெயில் இரண்டு பொருள்களைக் கரைக்கிறார்கள்: தாமிரத்தைப் பிடிக்கும் ஹைட்ராக்சி ஆக்ஸைம், துளிகளை ஒன்றுசேரவிடாத ஸ்பான் 80 போன்ற பால்மமாக்கி. இதில் கந்தக அமிலக் கரைசலை ஊற்றி அதிவேகமாகக் கடைந்தால், அமிலம் சில மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிதறி எல்லாம் வெள்ளைப் பால்மமாகிவிடும். அதைக் கழிவுநீரில் விட்டு மிதமாகக் கலக்க, பால்மம் சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணற்ற அமிலத் துளிகள். வெளியே நீர், உள்ளே அமிலநீர். இடையிலுள்ள எண்ணெய்தான் சவ்வு.

தாமிர அயனி தானாக எண்ணெயில் கரையாது. உருண்டையின் விளிம்பில் இரண்டு ஆக்ஸைம் மூலக்கூறுகள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளிநீரில் விடுகின்றன. இந்தச் சேர்மம் எண்ணெய் வழியே ஊடுருவி அமிலத் துளியை அடைகிறது. அங்கே ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம் என்பதால் வினை தலைகீழாகிறது: தாமிரம் துளிக்குள் இறங்க, ஆக்ஸைம் ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. ஆற்றின் இரு கரைக்கும் நடுவே ஓடும் பரிசல் மாதிரி, அதே மூலக்கூறு திரும்பத் திரும்பப் பயன்படுவதால் அது கொஞ்சம் இருந்தாலே போதும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. துளிக்குள் தாமிரச் செறிவு வெளிநீரைவிடப் பல மடங்கு ஏறிய பிறகும் தாமிரம் உள்ளேயே போய்க்கொண்டிருக்கும். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் போவது இயற்கைக்கு முரண்போலத் தெரியும். ஆனால் எதிர்த்திசையில் ஹைட்ரஜன் அயனிகள் செறிவான பக்கத்திலிருந்து நீர்த்த பக்கத்துக்கு இறங்குகின்றன. அந்த இறக்கம்தான் தாமிரத்தை ஏற்றுகிறது. அதனால்தான் வெளிநீர் அதிகம் அமிலமாகிவிட்டால் வேலை மந்தமாகிறது.

வேகத்துக்குக் காரணம் பரப்பளவு. ஒரு லிட்டர் அமிலத்தை 2 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக்கினால், அவற்றின் மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டர்!

சிக்கலும் துளிகளில்தான். பால்மம் பலவீனமாக இருந்தால் துளி உடைந்து, பிடித்த தாமிரம் மறுபடி கழிவுநீரில் கலந்துவிடும். பால்மமாக்கியைக் கூட்டினால் தாமிரத்தின் ஓட்டம் தடைபடலாம், சவ்வூடு பரவலால் வெளிநீர் புகுந்து துளிகள் உப்பவும் செய்யலாம். போதாததற்கு, வேலை முடிந்ததும் அதே உறுதியான பால்மத்தை உடைத்தாக வேண்டும். உயர் மின்னழுத்தப் புலத்தில் வைத்தால் துளிகள் ஒன்றுசேர்ந்து அடியில் தங்கும். எண்ணெய் மறுபயனுக்குப் போகும், தாமிர சல்பேட்டுக் கரைசல் மின்னாற்பகுப்புக்கு. அங்கே உலோகம் படியும்போது கந்தக அமிலமும் திரும்பக் கிடைக்கிறது.

ஆஸ்திரியாவின் லென்சிங்கில், விஸ்கோஸ் இழை ஆலைக் கழிவுநீரிலிருந்து துத்தநாகத்தை இந்த முறையில் 1980களிலேயே தொழில் அளவில் எடுத்தார்கள். தாமிரச் சுரங்கங்களிலோ, பிடிப்பதையும் விடுவிப்பதையும் தனித்தனித் தொட்டிகளில் செய்யும் கரைப்பான் பிரித்தெடுப்பே கோலோச்சுகிறது. தாமிரம் செறிவாக உள்ள கரைசலுக்கு அதுவே சரி. திரவச் சவ்வின் இடம், தாமிரம் கொஞ்சமாகவும் தண்ணீர் ஏராளமாகவும் இருக்கும் கழிவுகள்தான்.