சாவி தேடும் பத்து விநாடி

புதுச்சேரிக்காரர்களுக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. டூமாஸ் வீதியில் மஞ்சள் சுவரோரம் விளக்கும் தெர்மாகோல் பலகையும் தெரிந்தால் வண்டியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். நின்று பார்த்தாலும் சப்பென்றுதான் இருக்கும். ஒரு பெண் நடந்து வருவார், பையில் சாவியைத் துழாவுவார், "கட்" என்பார்கள், மறுபடி நடந்து வருவார். அதே நடையைத் தியேட்டரில் பார்க்கும்போது நம் கை நாற்காலியை இறுக்கிப் பிடிக்கிறது. தெருவில் இல்லாத பயம் திரையில் எப்படி முளைத்தது?

அவர் வாசலுக்கு வருமுன்பே மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைவதை நமக்கு மட்டும் காட்டியிருப்பார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு மேசையடிக் குண்டை உதாரணம் சொன்னார். குண்டு திடீரென வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அது அங்கே இருப்பதை முன்பே காட்டிவிட்டால், மேசையில் வெட்டிப்பேச்சு நடந்தாலும் 15 நிமிடம் பதைப்பு. நமக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ச் சொல்லவும் வழியில்லை.

அடுத்தது நேரம். சாவி தேட நிஜத்தில் பத்து விநாடி போதும். எடிட்டர் அதைக் கை, பூட்டு, திரைச்சீலை, முகம், மாடிப்படி என்று நறுக்கி நாற்பது விநாடியாக்குவார்.

அப்போது இதயம் படபடவென்று அடிக்கும் என்றுதான் நினைப்போம். ஆபத்து எங்கோ இருக்கிறது, இன்னும் பாயவில்லை என்ற கட்டத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு: உடம்பு அசைவை அடக்கி, துடிப்பைச் சற்றுக் குறைத்து, கண்ணையும் காதையும் கூர்மையாக்கிக்கொள்கிறது. புதரில் சலசலப்பு கேட்ட மான் அப்படியே நிற்கிறதே, அதேதான். இந்த நிலையில் ஒரு பூனை குதித்தாலும் போதும். திடுக்கிடல் மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் அனிச்சை. யோசித்து முடிப்பதற்குள் இமை மூடி, தோள் உயர்ந்துவிடும். ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அதே சத்தம் இன்னும் பெரிதாகத் தூக்கிப்போடும். பூனையைக் கண்டு அரங்கம் சிரிக்கும். நிஜ ஆபத்து நுழைய அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

பின்னணி இசையில் எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964-இல் விவரித்தது. ஒரே ஸ்வரத்தைப் பல ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிக்கவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக மேலேற்ற வேண்டும். உச்சிக்குப் போனது மங்கி மறையும்போது, அடியில் இன்னொன்று தெரியாமல் நுழையும். ஒலி ஏறிக்கொண்டே இருப்பதாகக் காதுக்குப் படும். எங்கும் போய்ச் சேராது. 2017-இல் வந்த ‘டன்கிர்க்’ படத்தில் கேட்கலாம்.

நம் ஊரில் எடுப்பவர்கள் இரவு, நீல விளக்கு, புகை என்று ஏன் மெனக்கெடுகிறார்களோ! பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. மறுகோடிவரை கண் போகும். மதியம் கடைகள் ஷட்டரை இறக்கி ஊர் கண்ணயரும் நேரத்தில், அந்த வெயிலில் கோடியில் ஒரே ஒரு ஆள் நின்றால் போதாதா? நடப்பவரின் தோளுக்குப் பின்னால் ஃபிரேமில் காலியிடம் விட்டாலே நம் கண் தானாக அங்கே போய் யாரையோ தேடும்.

ஏறிய பதற்றத்தை ஒரு டூயட் போதும், அடியோடு இறக்கிவிட. 1954-இலேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்தார். இடைவேளை மட்டும் நமக்கு வாய்த்த வரம். சாவி பூட்டில் திரும்பும், மாடிப்படி கிரீச்சிடும், கதவு ஒரு விரற்கடை திறக்கும், விளக்குகள் எரிந்துவிடும். பப்ஸ் வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார்: "மாடியில இருக்கிறது அவ புருஷன்தான், எழுதி வெச்சுக்கோ."