பதினாறு பேருக்கு ஈ.எஸ்.ஐ. கட்டுகிறவருக்கு யார் கட்டுவது?

திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவர் அவர். பன்னிரண்டு பவர் டேபிள்; டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர். மாதம் தவறாமல் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளிகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, கட்டிவிடுவார். போன வருஷம் அவருக்கே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன்: "ஏனுங்க தம்பி, நம்ம ஈ.எஸ்.ஐ.யில எனக்குப் பாக்க முடியாதுங்களா?"

முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர் முதலாளி. ஸ்டென்ட் வைத்த செலவு முழுக்கக் கைக்காசு, அதிலும் பாதி கடன்.

இன்சூரன்ஸ் தொழிலில் நான் அதிகம் பார்ப்பது இவரைப் போன்றவர்களைத்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். டீக்கடை, தள்ளுவண்டி, ஒற்றை மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் இதற்குள் வருவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போனால் பதிந்துவிடலாம். அந்தக் கோட்டைத் தாண்டியவருக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, அரசுத் திட்டமும் இல்லை.

தொழிலாளிகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. இருபதாயிரம் சம்பளத்துக்கு 650-ம் 150-ம், ஆக மாதம் 800 ரூபாய். அதற்குக் குடும்பம் மொத்தத்துக்கும் வைத்தியம், படுத்துவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை. இந்த விலைக்கு இப்படி ஒரு பாலிசியை எந்தக் கம்பெனியும் தராது. இருந்தும் பத்தாவது ஆளை ரெஜிஸ்டரில் ஏற்றாமல் ஒன்பதிலேயே நிறுத்திவைக்கும் யூனிட்டுகள் எனக்குத் தெரியும். மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. ஒரு விபத்து நடந்தால் மொத்தச் செலவும் முதலாளி தலையில்தான் விழும்.

இனி முதலாளிக்கு. ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பாலிசி, எடுக்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எது கம்மி?" நான் திருப்பிக் கேட்பது, "ரூம் வாடகை லிமிட் என்னன்னு பாத்தீங்களா?" மூன்று லட்சம் பாலிசி, ரூம் வாடகைக்கு ஒரு சதவீதம்தான் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் படுத்துவிட்டீர்கள். கூடுதல் வாடகையை மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்த ஒருவருக்கு பில் 1,90,000. மருந்து, டெஸ்ட், பிளேட் சேர்ந்து 90,000. அது முழுசாகக் கிடைத்தது. வாடகை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ஒரு லட்சம். ரூம் இருமடங்கு என்பதால் அதில் பாதியைத்தான் கொடுத்தார்கள். ரூம் மாறிய பாவத்துக்கு 50,000. பிரீமியத்தில் அவர் மிச்சம் பிடித்தது வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.

பிரீமியத்தைக் குறைக்க நேர்மையான வழி வேறு இருக்கிறது. அடிப்படைப் பாலிசியை 5 லட்சத்தோடு நிறுத்தி, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் போடுங்கள். முதல் 5 லட்சம் தாண்டினால்தான் அது வேலை செய்யும் என்பதால் விலை மலிவு. 'சூப்பர்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு தடவை படுப்பதையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும்; சூப்பர் வருஷச் செலவை மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. ஆனாலும் ஏழெட்டுப் பேர் உள்ள, ஈ.எஸ்.ஐ.க்குள் வராத ஆபீஸ் என்றால் குரூப் பாலிசியை விசாரியுங்கள். பெரும்பாலும் பழைய வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே கவர் கிடைக்கும், முதலாளியையும் சேர்க்க இடம் கொடுப்பார்கள். ஆபீஸை மூடினால் அதுவும் போச்சு என்பதை மறக்க வேண்டாம். குடும்பப் பாலிசியோ குரூப்போ, பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள், வருமான வரிக் கழிவு கிடைக்காது.

அப்புறம் சுகர். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். "அதெல்லாம் எதுக்குங்க எழுதிக்கிட்டு? எழுதினா பிரீமியம் ஏறிப்போயிருமில்லைங்க?" ஏறும். ஏறட்டும். எழுதினால் அந்த வியாதிக்கு அதிகபட்சம் மூன்று வருஷக் காத்திருப்பு, அதுவரை அதற்கு மட்டும் கிளெய்ம் கிடையாது. 2024 வரை அது நான்காக இருந்தது. எழுதாமல் விட்டால், படுக்கிற அன்றைக்கு டாக்டர் கேஸ் ஷீட்டில் 'ஆறு வருஷமாக சுகர்' என்று எழுதுவார். சொன்னது உங்கள் வீட்டம்மாவாகவே இருக்கும். கிளெய்ம் அங்கேயே நின்றது. ஏஜென்டே "போட வேண்டாம் விடுங்க" என்று சொல்வதும் நடக்கிறது. அப்படிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கிளெய்மை மறுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நெஞ்சுவலிக்காரர் டிஸ்சார்ஜ் ஆனதும் பாலிசி கேட்டு வந்தார். இரண்டு கம்பெனிகள் ஸ்டென்ட் என்றதும் கையை விரித்துவிட்டன. மூன்றாவது கம்பெனி கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, இருதயத்துக்கு மூன்று வருஷக் காத்திருப்போடு கொடுத்தது. பணம் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்ற மகனைக் காட்டினார். வயது 26, சுகர் இல்லை, பிரஷர் இல்லை. "இவனுக்கும் இன்னைக்கே ஒண்ணு போட்டுருங்க தம்பி."