கிரான்பெர்ரி பாக்டீரியாவ கொல்லாது, ஆனா ஒட்ட விடாது

சர்க்கரை பல்ல அரிச்சிடும்னு சொல்றோம்ல, உண்மையில அரிக்கிறது சர்க்கரை இல்ல, அத தின்னுட்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கிற பாக்டீரியா விடுற லாக்டிக் ஆசிட். பல்லு மேல பிஎச் (புளிப்ப அளக்கிற எண், கொறையக் கொறைய ஆசிட் ஜாஸ்தி) 5.5க்கு கீழ போச்சுன்னா எனாமல் கரைய ஆரம்பிச்சிடும். 1924ல லண்டன்ல கிளார்க்ங்கிறவர் சொத்தைப் பல்லுலருந்து இந்த பாக்டீரியாவ பிரிச்சு எடுத்தாரு.

ஆசிட் மட்டும்னா எச்சில் கழுவி விட்டுடும், பிரச்சன என்னன்னா இதுகிட்ட ஒரு என்சைம் இருக்கு, குளுக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ்னு வாய்ல நுழையாத பேரு, அது சீனிய ரெண்டா உடைச்சு அதுல வர்ற குளுக்கோஸ வரிசையா கோத்து குளுக்கன்னு ஒரு பசை பண்ணிடும், அந்தப் பசைல பாக்டீரியா எல்லாம் பல்லோட ஒட்டிக்கிட்டு கூட்டமா குடியிருக்கும், உள்ள ஊறுற ஆசிட்ட எச்சிலால சுலபமா கழுவ முடியாது. நாம பிளாக்னு சொல்றது இதத்தான்.

இங்கதான் கிரான்பெர்ரி வருது. வட அமெரிக்காவுல வெளையிற சின்ன செவப்புப் பழம், புளிப்போட செம துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் புரோஆந்தோசயனிடின்னு ஒரு டானின் வகை. நாவல்பழம் தின்னா நாக்கு வறவறன்னு ஆகுதே, டானின் எச்சில்ல இருக்கிற புரதத்த புடிச்சுக்கிறதாலதான். புரதத்த புடிக்கிற இந்தப் பொருள் பாக்டீரியாவோட என்சைமயும் (அதுவும் புரதந்தானே) தடுக்குது, பசை கம்மியாயிடுது. திராட்சை, ஆப்பிள்ல இருக்கிறது பெரும்பாலும் பி-வகை, மூலக்கூறுகளுக்கு நடுவுல ஒரே பிணைப்பு, கிரான்பெர்ரில ஏ-வகை நெறைய, அதுல கூடுதலா இன்னொரு பிணைப்பு இருக்கும், அந்த அமைப்புதான் விசேஷம்னு சொல்றாங்க.

1998ல இஸ்ரேல்ல ஒரு குழு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்த வாய் பாக்டீரியாக்கள கிரான்பெர்ரி சாறுலருந்து எடுத்த பொருள் பிரிச்சு விடுறத காட்டுச்சு. அப்புறம் அமெரிக்காவுல ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல எலிகளுக்கு அந்த டானின பல்லுல தடவிப் பாத்தப்ப சொத்தை கொறஞ்சுது.

அதுக்காக கடைல ஜூஸ் பாட்டில் வாங்கி மடக் மடக்னு குடிச்சிடாதீங்க, சும்மாவே பிஎச் 2.5 பக்கம் இருக்கிற சாறு, புளிப்பு தாங்காதுன்னு மேல சீனிய வேற கொட்டியிருப்பான், மியூட்டன்ஸுக்கு விருந்து வெச்ச மாதிரிதான். அந்த எலி ஆராய்ச்சில உபயோகிச்சது சீனியும் ஆசிடும் நீக்கி தனியா பிரிச்செடுத்த டானின்.