விந்தணு கவுண்ட் ஏறணும்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறவங்களுக்கு

போன வாரமும் ஒருத்தர் வந்தார். கல்யாணமாகி மூணு வருஷம், விந்தணு கவுண்ட் 9 மில்லியன், கம்மிதான் ஆனா கைவிடற நிலைமை கிடையாது. "ஹார்மோன் ஊசி போட்டா ஏறிடும்"னு யாரோ சொல்லி அஞ்சு மாசமா டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கிட்டிருக்கார், உடம்புல தெம்பு வந்துச்சு, ஆசையும் கூடுச்சு, சரி வேலை செய்யுதுன்னு நம்பிட்டார். இப்ப டெஸ்ட் எடுத்தா கவுண்ட் பூஜ்யம். இந்த கேஸை எத்தனை தடவைதான் பாக்கிறது, அதான் எழுத உக்காந்துட்டேன்.

ஆண் ஹார்மோன் ஏறினா விந்தணுவும் ஏறும்தானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நல்லா படிச்சவங்களே கேக்கிறாங்க. ஏறாதுங்க, இறங்கும். விந்தணு உருவாக விரைக்குள்ள இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்துல இருக்கிறதைவிட பல மடங்கு அதிகம், அதை விரையேதான் சுரக்கணும், அதுக்கு மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பில இருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்னு ரெண்டு ஹார்மோன் வரணும். ஊசி போட்டா ரத்தத்துல அளவு கூடும், உடனே பிட்யூட்டரி அந்த ரெண்டையும் குறைச்சிடும். ரிப்போர்ட்ல டெஸ்டோஸ்டிரோன் 800ன்னு ஜம்முனு இருக்கும், விரைக்குள்ள வறண்டு கிடக்கும். ஜெல்லா தடவினாலும் இதேதான், ஜிம்ல "சைக்கிள்"னு ஸ்டீராய்டு போட்டு விடறாங்களே அதுவும் இதேதான். தாம்பத்தியம் நல்லா இருக்கிறது வேற, விந்தணு இருக்கிறது வேற, ஒண்ணை வச்சு இன்னொண்ணை முடிவு பண்ணாதீங்க.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா இதைக் கேளுங்க. உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியா சோதிச்சு 1990ல முடிவை வெளியிட்டுச்சு. கவுண்ட் நல்லா இருந்த 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டாங்க, பாதிக்கும் மேல பேருக்கு விந்தணுவே இல்லாம போச்சு. கருத்தடைக்கு சோதிச்ச மருந்தை குழந்தை வேணும்னு காசு கொடுத்து போட்டுக்கிறாங்க, எனக்கு ஆத்தாமை வருமா வராதா?

சரி, கவுண்ட் ஏன் கம்மின்னு "காரணம் தெரியலை"ன்னு சொல்லிட்டாங்க, அப்ப என்ன மருந்துதான் இருக்கு? முதல்ல, நிஜமாவே தேடிப் பாத்தாங்களான்னு கேளுங்க. கையால தொட்டுப் பாத்து விரை சைஸ், வெரிகோசீல் (விரைப்பையில நரம்பு வீங்கியிருக்கிறது) செக் பண்ணாம, ரெண்டு தடவையாவது விந்து டெஸ்ட் எடுக்காம, காலையில ரத்தம் எடுத்து எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் பாக்காம அந்த வார்த்தையை சொல்லவே கூடாது. கவுண்ட் 5 மில்லியனுக்கும் கீழ போனா ஜெனடிக் டெஸ்ட் பத்தியும் பேசணும்.

அப்படியும் ஒண்ணும் கிடைக்கலைன்னா குளோமிஃபீன் எழுதுவோம். கவரைப் பாத்துட்டு "இது லேடீஸ் மாத்திரையாச்சே டாக்டர், மாத்தி எழுதிட்டீங்களா"ன்னு போன் வரும். இல்ல, உங்களுக்குத்தான், அது உங்க பிட்யூட்டரியை தட்டி எழுப்புற மருந்து, ஊசிக்கு நேர் எதிர். ஆனா பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன், சிலருக்கு கவுண்ட் ஏறும், சிலருக்கு அசையாது, அபூர்வமா குறையவும் செய்யும், குழந்தை நிக்கிற வாய்ப்பு கூடுதுன்னு உறுதியான ஆதாரம் இல்ல. கண்ணு மங்கினா உடனே நிறுத்திட்டு போன் பண்ணுங்க. ஈஸ்ட்ரடையால்ங்கிற பெண் ஹார்மோன் அதிகமா இருக்கிறவங்களுக்கு அதைக் குறைக்கிற லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகளை யோசிப்போம். எஃப்எஸ்ஹெச் ஊசி சிலருக்கு கொஞ்சம் உதவுது, ஆனா விலை கேட்டா தலை சுத்தும். பிட்யூட்டரியே வேலை செய்யாதவங்களுக்கு ஹெச்சிஜி (எல்ஹெச் மாதிரியே வேலை செய்யுற ஊசி), எஃப்எஸ்ஹெச் ரெண்டும் அருமையா வேலை செய்யும், ஆனா அது காரணம் தெரிஞ்ச கேஸ், அவங்க கதையைக் கேட்டு நீங்களும் அதே ஊசியைக் கேக்காதீங்க. மெஸ்டரோலோன்ங்கிற ஆண் ஹார்மோன் மாத்திரையை இன்னமும் எழுதுறாங்க, அதுல பலன் இல்லைன்னு 1989லயே ஆய்வு வந்தாச்சு, சக டாக்டர்கள் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

எந்த மருந்தா இருந்தாலும் மூணு மாசம் கழிச்சுதான் டெஸ்ட். ஒரு விந்தணு உருவாகி வெளிய வரவே கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகும், பதினஞ்சு நாள்ல லேப்ல போய் நிக்காதீங்க. அதுக்காக வருஷக்கணக்கா மாத்திரையே போட்டுக்கிட்டும் இருக்காதீங்க, மனைவிக்கு 35 தாண்டியாச்சுன்னா ஐயூஐயா (விந்தணுவை கர்ப்பப்பைக்குள்ள செலுத்துறது) இக்ஸியான்னு (லேப்ல ஒரு விந்தணுவை முட்டைக்குள்ளயே செலுத்துறது) சீக்கிரம் பேசிடணும், அவங்களையும் முதல் நாளே கூட்டிட்டு வாங்க. சிகரெட்டை விடுங்க, குட்காவை விடுங்க, மடியில லேப்டாப் வேண்டாம்.

ஏற்கனவே ஊசி போட்டுக்கிட்டவங்க பயந்து ஒளிஞ்சுக்க வேண்டாம். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கவுண்ட் திரும்புது, சிலருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் போகுது, நடுவுல சோர்வு, எரிச்சல் எல்லாம் வரும், அதுக்கு மருந்து இருக்கு, நீங்களா எதுவும் வாங்கிப் போடாதீங்க. ஜிம் ஊசியை மனைவி முன்னாடி சொல்ல கூச்சமா இருந்தா என்கிட்ட தனியா சொல்லுங்க, திட்ட மாட்டேன். பேர் தெரியலைன்னா காலி பாட்டிலையாவது எடுத்துட்டு வாங்க.