சைலன்சர் மேல் ஒரு சிரட்டை

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லுக்குத் தொழி அடித்து, அதாவது சேற்றில் உழுது, முடிந்ததும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் வண்டிப் பட்டறையில் வேலை குறைந்துவிடும். நாற்று நட்டாயிற்று, கையால் பிடித்து ஓட்டும் உழவு எந்திரமான டில்லர் ஓலைச் சாய்ப்புக்குள் போயாயிற்று. இனி முதல் போகமான கன்னிப்பூவுக்குப் பங்குனி, சித்திரையில்தான் அதைத் தொடுவார்கள். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து தீர்க்கும். அப்புறம் சித்திரை பிறந்ததும் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். இருபத்திரண்டு வருஷமாக இதைப் பார்க்கிறேன். அப்படி வந்து நிற்பவற்றில் உழைத்துக் கெட்ட வண்டிகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் சும்மா நின்று கெட்டவை.

நான் சொல்வது பழைய வண்டிகளைப் பற்றி. கேரளத்து அத்தாணியிலிருந்து வந்த கேம்கோ கம்பெனியின் 12 குதிரைத்திறன் டில்லர், மிட்சுபிஷி சக்தி டில்லர், வாழைக்கும் தென்னைக்கும் இடையில் நுழைந்து வெளியே வருகிற 18.5 குதிரைத்திறன் எம்டி 180டி குட்டி டிராக்டர், அப்பா காலத்து மாஸ்ஸி 1035 டிராக்டர். நம் மாவட்டத்தில் வயல்கள் சின்னது, வரப்பு குறுகல், தோட்டத்துப் பாதை அதைவிடக் குறுகல். பெரிய புது வண்டி வாங்கினாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால்தான் இந்தப் பழைய சின்ன வண்டிகளை யாரும் விற்க மனசு வைப்பதில்லை.

தோவாளைப் பக்கம் ஒரு அண்ணாச்சி எனக்கு அடிக்கடி வீடியோ அனுப்புவார். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஐம்பது, அறுபது வருஷத்துப் பழைய தோட்ட டிராக்டரில் முன்னால் தகடு மாட்டி, பின் டயரில் சங்கிலி சுற்றி, வீட்டு வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு போவார். "இவனுவளுக்க வண்டி மட்டும் எப்படி மக்கா இத்தன வருசம் ஓடுது?" என்பார் அண்ணாச்சி.

காரணம் பயம்தான். அங்கே குளிர்காலத்தில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் நின்றால் உறைந்துபோகும். உறையும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும். எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிடும். கடுங்குளிரில் டீசலே மெழுகு போலத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். ஒரே ராத்திரியில் வண்டி போய்விடும் என்பதால் குளிர் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிடுகிறார்கள். நாகர்கோவிலில் மார்கழி ராத்திரி இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நமக்கு எதிரி ஈரம். அது ராத்திரியோடு ராத்திரியாக உடைக்காது, நாலு மாசம் எடுத்துத் தின்னும். கண்ணுக்குத் தெரியாததால் நமக்குப் பயமும் இல்லை.

மழைக்கு வண்டியை நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சைலன்சரிலிருந்து தொடங்குகிறேன். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் என்பது எஞ்சினுக்குள் இறங்கும் ஒரு புனல். ஓலைச் சாய்ப்பில் எங்கே ஒழுகினாலும் சரியாக அந்த வாயில்தான் சொட்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எஞ்சின் நின்றபோது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால் தண்ணீர் நேராகப் பிஸ்டன் தலையில் போய் உட்காரும். பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உள்குழாயான லைனரும் ஒன்றோடொன்று துருவில் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலைப் போட்டால் அசையாது. இரும்புக் குழாயை ஹேண்டிலில் செருகி நான்கு பேர் தொங்கினாலும் அசையாது, தொங்கவும் கூடாது. நான் வேலை பழகிய காலத்தில், சர்வீஸ் முடித்த ஒரு டில்லரை முற்றத்தில் விட்டு மூடாமல் போனேன். மூன்று வாரம் மழை. லைனரைத் தட்டிக் கழற்ற ஒரு முழு நாள் ஆனது. என் முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆமாம், தேங்காய்ச் சிரட்டை. கண் இல்லாத பாதியாக எடுத்துச் சைலன்சர் வாயில் கவிழ்த்து, கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒரு பைசா செலவில்லை. பாலித்தீன் கவர் வேண்டாம்; அது உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதோடு இன்னொரு சின்ன வேலை. ஒற்றை சிலிண்டர் டில்லரில் டீசலை அடைத்துவிட்டு, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகித் தள்ளும். அதுதான் கம்ப்ரஷன். பிஸ்டன் மேலே வந்து நிற்கும் அந்த இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போக வழியில்லை. மாதம் ஒரு முறை இரண்டு சுற்று சுற்றி, அதே இடத்தில் மறுபடி நிறுத்துங்கள். டிராக்டராக இருந்தால் கிளட்ச் பெடலை அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள். ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

வண்டியை நிறுத்தும் முன்பே டீசல் டேங்கை நிரப்பிவிட வேண்டும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள், "சும்மா நிக்கதுக்கு எதுக்கு எண்ணெய்?" என்று. காலி டேங்கின் உள்சுவர் ராத்திரியில் வியர்க்கும். அந்தத் தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் தொடும் இடத்தில் பாசி மாதிரி கொழகொழவென்று ஒன்று வளரும். அது ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரைத் தாண்டிப் போகும் தண்ணீர் பம்பையும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலையும் துரு ஏற்றும். ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம் விட்டால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

எஞ்சின் ஆயிலையும் நிறுத்தும் முன்பே மாற்றுவது நல்லது. எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றால், கரியும் அமிலமும் கலந்த பழைய ஆயில் நாலு மாசம் பேரிங்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தொழியில் ஓடிய டில்லரில் மண்ணைக் கிளறும் ரோட்டரி கத்திகளைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டியையும் திறந்து பாருங்கள். சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் ஆயில் பால் சாயா நிறத்தில் வரும். கறுப்பாக வந்தால் பரவாயில்லை. சாயாவாக வந்தால் சீல் மாற்றாமல் மூடாதீர்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். சுசீந்திரம் பக்கம் ஒருவருடைய பழைய டிராக்டர் பானட் வரை முங்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆசையில் செல்ஃப் போட்டுப் பார்த்திருக்கிறார். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போயிருக்கும் என்று நினைத்து, கியரில் போட்டு இன்னொரு டிராக்டரை வைத்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து, பிளாக்கின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. காற்றை அமுக்கலாம், டீசல் எஞ்சின் அதைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கும். தண்ணீரை அப்படி அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் ஏதாவது ஒன்று வளைந்தே ஆக வேண்டும். இழுக்காமல் விட்டிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும்.

முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து 'பார்க்க'க் கூடாது. முதலில் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். நாசிலைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாகப் பீறிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி சுற்றுங்கள். டேங்க், எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப், கியர் பாக்ஸ், ஏர் கிளீனர் கிண்ணம் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும். இதெல்லாம் தெரியாது என்றால் நாசிலைக் கழற்றி ஆயில் ஊற்றுவதை மட்டுமாவது தண்ணீர் வடிந்த அன்றே செய்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் கழித்து வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மழையில் வேலை செய்யும்போது வண்டி புதைவது சகஜம். அப்போது பின்சக்கரத்தில் குறுக்காக மரத்தடியைக் கட்டி முன்கியரில் எழுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். தடி தரையில் முட்டி, சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், ஆக்சில் வண்டியின் உடம்பைத்தான் சுற்றும். முன்பக்கம் எழும்பி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். கிளட்சை மிதித்துக்கொள்ளலாம் என்று நினைக்க நேரம் இருக்காது. பழைய வண்டிகளில் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளையமும் கிடையாது. சேற்றை வெட்டி, சக்கரத்துக்குப் பின்னால் பலகை போட்டு, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். இழுக்கும் வண்டியிலும் சங்கிலியை ஆக்சிலுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே, கலப்பையின் மேல்தண்டான டாப் லிங்க் பூட்டும் இடத்தில் மாட்டினால் அந்த வண்டியும் அதே போல மல்லாரும்.

ஹேண்டில் போடுபவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போய்விடும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போகும். மழைக்காக ஷெட் கதவைச் சாத்திவிட்டு உள்ளே எஞ்சின் ஓட்டாதீர்கள், புகையில் ஆள் மயங்கிவிடும். பானட்டைத் திறக்கும் முன் ஒரு தட்டுத் தட்டுங்கள். மழைக்காலத்தில் சூடான இடம் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எனக்கு இரண்டு முறை ஆயிற்று.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலையும் ரோட்டரி கத்திகளையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பழைய ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். உப்புக்காற்றுக்கு நம் மேல் இரக்கம் கிடையாது.

போன கார்த்திகையில் தோவாளை அண்ணாச்சி ஒரு போட்டோ அனுப்பினார். பனி இல்லை, அவருடைய டில்லர். சைலன்சரில் சிரட்டை, அதைக் கட்டியிருந்த கயிற்றின் மறுநுனி ஹேண்டிலில் முடிச்சு. ஏன் என்று கேட்டேன். "முந்தின வருசம் மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணிட்டேன் மக்கா. சிரட்டை பறந்துபோய் அடுத்த வீட்டு ஓட்டுல விழுந்து ரெண்டு ஓடு போச்சு. இப்ப இந்த முடிச்சை அவுக்காம ஹேண்டில எடுக்க முடியாதுல்லா."