வினையூக்கி மாற்றி: மாற்றுவது யார்?

டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0420 (P0420) என்று ஒரு பழுதுக் குறியீடு, அதாவது கோடு (code), வருகிறது, மெக்கானிக் அழித்துக் கொடுக்கிறார், பத்து நாளில் மறுபடியும் அதே விளக்கு. இரண்டாவது தடவை போனால் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கேட்டலிசிஸ் என்ற சொல்லை 1835-இல் உண்டாக்கியவர் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். மூலம் கிரேக்கம்: கட்டா என்றால் கீழே, லூயெய்ன் என்றால் அவிழ்ப்பது. தமிழில் அதை அப்படியே பெயர்க்காமல் அது பார்க்கும் வேலையை வைத்துப் பெயர் சூட்டினார்கள், வினையை ஊக்குவதால் வினையூக்கி. இலங்கைப் பாடநூல்களில் இன்னும் சுருக்கமாக ஊக்கி. தமிழ்நாட்டில் வேதியியல் படித்தவர்களுக்கு வினைவேகமாற்றி என்ற பெயரும் நினைவிருக்கும், எனக்கு அதுதான் கச்சிதமாகப் படுகிறது: வினையின் வேகத்தை மாற்றும், தான் மாறாது.

காரில் இது புகைபோக்கிக் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரிப் பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவதால்தான் கன்வெர்ட்டர். இந்தியாவில் 1995 ஏப்ரலில், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதே வந்தது, ஈயம் பட்டால் பூச்சு வேலை செய்யாது.

இதை வினையூக்கி மாற்றி என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் 'வினையூக்கியை மாற்றுவது' என்று ஆகிவிடும், அது டப்பாவுக்கு அல்ல, மேலே சொன்ன மெக்கானிக்குக்குப் பொருத்தமான பெயர்! வினையூக்க மாற்றி என்று எழுதினால் இந்த வம்பு இல்லை, வினையூக்கத்தால் மாற்றுவது என்று நேராகப் பொருள் வரும்.

அப்புறம் அந்த பி0420 கோடு. 'பி' என்பது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பகுதி, 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. முழுப் பொருள், 'வினையூக்க அமைப்பின் திறன் வரம்புக்குக் கீழே, பேங்க் 1' (பேங்க் 1 என்பது இன்ஜினில் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்). கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு (ECU) டப்பாவுக்குள் பார்க்கக் கண் கிடையாது, முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டுத்தான் முடிவு கட்டுகிறது. பல கார்களில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வினையூக்கி ஆக்சிஜனைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவிப்பதால் பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும், அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் கோடு விழும். குழாயில் கசிவு இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும், சென்சாரே பழசாகியிருந்தாலும் இந்தக் கணக்கு தப்பலாம். அழிப்பதால் பழுது போகாது, கொஞ்சம் ஓட்டியதும் ஈசியூ அதே சோதனையை மறுபடி நடத்தும், கோடு திரும்ப வரும்.

தான் மாறாது என்றேனே, அப்படியானால் இது எப்படிச் சாகிறது? அதற்கும் பாடநூலில் சொல் உண்டு, வினைவேகமாற்ற நச்சு. இன்ஜின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படியும், சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயர் இருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து தேன்கூட்டையே உருக்கிவிடும். ஆகவே பி0420-உடன் பி0300 மாதிரி மிஸ்ஃபயர் கோடும் இருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். ஆயில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது டப்பாவைப் போட்டால் அதற்கும் அதே நஞ்சுதான்.