மாதிரி எடுத்தார்கள் என்று செய்தி வருகிறதே, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

"உணவகங்களில் அதிகாரிகள் சோதனை, மாதிரிகள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன." செய்தி பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிடும். அந்தப் பொட்டலம் யாரிடம் போகிறது, எத்தனை நாளில் முடிவு வர வேண்டும், முடிவு வந்தால் யார் தண்டிப்பார் என்பதெல்லாம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுகிற நமக்கும் அதில் ஓர் உரிமை உண்டு. அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உணவுக்கும் மருந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள். உணவுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். இது 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. மருந்துக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். தமிழ்நாட்டில் கடைக்கு வருபவர் உணவு பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேலே மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், மாநில அளவில் உணவு பாதுகாப்பு ஆணையர். மருந்துக் கடைக்கும் மருந்து ஆலைக்கும் போகிறவர் மருந்து ஆய்வாளர்.

அலுவலர் எடுப்பதெல்லாம் ஒரே வகை மாதிரி அல்ல. சந்தையில் நிலவரம் எப்படி என்று பார்க்க எடுப்பது கண்காணிப்பு மாதிரி. அதை வைத்து வழக்குப் போட முடியாது. வழக்குக்குப் பயன்படுவது சட்டமுறை மாதிரி. நடமாடும் பரிசோதனை வாகனத்தில் பாலில் சில சொட்டு வேதிக் கரைசல் விட்டு நிறம் பார்ப்பதும் நம் விழிப்புக்குத்தான், நீதிமன்றத்துக்கு அல்ல.

சட்டமுறை மாதிரிக்கு அலுவலர் காசு கொடுத்தாக வேண்டும், வழக்கமாக விற்கும் விலையில். பிறகு பொருளை நான்கு பங்காகப் பிரித்து, கடைக்காரர் கண்ணெதிரே முத்திரையிட்டு, அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலரின் பாதுகாப்பில். நான்காவது பங்கைக் கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரண்டு ஆய்வகமும் வேறு வேறு முடிவு சொன்னால், நியமன அலுவலர் தன்னிடம் உள்ள பங்கை மேல்முறையீட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். அங்கே சொல்வதே இறுதி. நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இந்த நான்கு பங்கு முறைதான் பெரிய காவல். பொட்டலத்தை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. காரணமில்லாமல் தொல்லை தரும் அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இதே சட்டத்தில் இடம் உண்டு.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. மாதிரி கைக்கு வந்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். எதிராக வந்தால் கடைக்காரர் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அறிக்கையில் வரும் சொல்லைப் பொறுத்துத்தான் வழக்கின் போக்கு. பாலில் இருக்க வேண்டிய கொழுப்பு குறைந்தால் அது 'தரம் குறைந்தது'. 5 லட்சம் ரூபாய் வரை தண்டம். லேபிளில் தகவல் தவறென்றால் 3 லட்சம் வரை. இவற்றை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர், சிறை கிடையாது. உடலுக்குக் கேடு தரும் பொருள் இருந்தால் 'பாதுகாப்பற்றது'. அது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும், சிறையும் உண்டு. பொதுமக்கள் நலன் கருதி ஒரு பொருளையே ஓராண்டு வரை தடை செய்யும் அதிகாரமும் ஆணையருக்கு இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பதை ஆய்வகம் உறுதி செய்த பிறகு விற்பனை தடை செய்யப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தடை வந்ததும் இந்த அதிகாரத்தால்தான்.

மருந்துப் பக்கம் வந்தால் மனம் கனக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்ட கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அக்டோபர் 1 அன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் நம் ஆய்வாளர்கள் ஆலைக்குப் போனார்கள். விடுமுறை நாளிலும் சென்னை மருந்துப் பரிசோதனைக் கூடம் திறந்து, ஒரே நாளில் முடிவு சொன்னது. மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம். இருக்கக்கூடிய உச்ச வரம்பு 0.1 சதவீதம். அத்தனை வேகமாக வேலை செய்த கூடத்துக்கு அந்தப் பாட்டில் முன்பே போகவில்லை. முந்தைய ஆண்டுகளில் ஆலையை ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு மூத்த மருந்து ஆய்வாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யாராவது பொருளைக் கொண்டுபோய் அதன் மேசையில் வைத்தால்தான் உண்மை வெளிவரும்.

அந்த 'யாராவது' நாமாகவும் இருக்கலாம். உணவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: பொருளை வாங்கும்போதே, இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கடைக்காரர் மேல் நடவடிக்கையும் வரும்.

மருந்துக்கு 26-ஆம் பிரிவு. வாங்கியவரோ அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் அமைப்போ உரிய கட்டணத்தோடு அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். இதற்காகவே சொல்கிறேன், மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். மாத்திரை அட்டையைக் கிழிக்கும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். தொகுதி எண் இல்லையென்றால், சந்தேகத்துக்குரிய சரக்கு எங்கெங்கே போயிருக்கிறது என்று ஆய்வாளரால் தேடிப் பிடிக்க முடியாது.

கட்டணம், விண்ணப்பம் என்று அலைய முடியாதவர்கள் புகார் மட்டும் கொடுத்தால் போதும். உணவு தொடர்பாகத் தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண் இருக்கிறது. கடையின் பெயர், இடம், வாங்கிய தேதி, பொருளின் படம், பில் இவற்றை அனுப்புங்கள். மிச்சமுள்ள பொருளைத் தூக்கி எறிய வேண்டாம், அதை அப்படியே மூடி வையுங்கள். மருந்தென்றால் மாவட்டத்தில் உள்ள மருந்துகள் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.